கரையில் அன்னங்கள்

துறைமுக அலுவலகத்தில் வேலை செய்யும் தவமலருக்குச் சேலை என்றால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பஸ்ஸில் முன்னால் நின்றவளின் முந்தானையைப் புரட்டிப் பார்த்து ஏச்சும் வாங்கியிருக்கிறாள்.

அயல்வீட்டு இராகுலனின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை தெரிந்தெடுத்தவளும் அவள்தான். கரையிலும் முந்தானையிலும் அன்னங்கள். அச்சடித்தவை அல்ல, தறியில் இழை இழையாய் வளைத்த கழுத்துகள். “கரை வெளியில தெரிய மடிச்சு வையுங்கோ” என்று அந்த வீட்டாரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

தாலியும் கூறையும் வைத்த தட்டம் ஆசீர்வாதத்துக்காக மண்டபத்தில் ஆட்கள் இருந்த கதிரை கதிரையாக வந்தது. எல்லாரும் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். சேலையோ கடை மடிப்புக் கலையாமல் கிடந்தது, அன்னங்கள் உள்ளே. தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டம் தன் முன்னால் வந்ததும் மடிப்புக்குள் விரலை விட்டுக் கரையை வெளியே இழுத்தாள்.

தட்டம் ஏந்தி வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா சின்னராசா பதறிப்போனார்.

“தங்கச்சி, தாலி இஞ்சால கிடக்கு!”

“தாலி எனக்குத் தெரியுது அண்ணை. உங்களுக்குத்தான் சீலை தெரியேல்லை.”

பெண் கூறை உடுத்து வந்தாள். அலங்காரக்காரி அந்த அகலமான முந்தானையை நாலு விரல் அளவுக்கு ஒடுக்கித் தோளில் ஊசி குத்தியிருந்தாள். முந்தானையில் ஓர் அன்னமும் தெரியவில்லை.

“என்ன வடிவு!” என்றாள் பக்கத்துக் கதிரைக்காரி.

தவமலருக்கு உயிர் வந்தது. “கரையையோ சொல்லுறீங்கள்?”

“இல்லை அக்கா, கொண்டையை.”