கொடி வெட்டிய பதினான்கு நிப்புகள்

1. நீல விரல்

"வடிவு, இங்கே வா. பூ எங்கேம்மா?"

ராமசேஷன் சார் வலது கையை உயர்த்திக் காட்டினார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நீலமாக இருந்தன. மேஜையில் நான் கொண்டுவந்த பேனா திறந்து கிடந்தது. நிப் முழுக்க மை. அதில் வெட்டியிருந்த கொடி, இலை, மொட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாட்டுங்காவில் அவருடைய பேனா கடையில் நான் சேர்ந்து அப்போது மூன்று மாதம். "பார்க்கலாம்" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். கைக்குழந்தைக்காரி நாளுக்கொரு லீவு கேட்பாளோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும் அதே சந்தேகம்தான். செம்பூரில் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் எட்டு மாதப் பெண்ணை விட்டுவிட்டு பஸ் ஏறினால், பாலை ஆறவைத்தேனா, ஸ்டவ்வை அணைத்தேனா என்று சயான் வரைக்கும் யோசித்துக்கொண்டே வருவேன்.

இந்த ஆர்டரை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம் என்று சார் சொல்லியிருந்தார். பதினான்கு பேனாக்களும் மறுநாள் சாயங்காலம் போயாக வேண்டும்.

2. பூக்காரியிடம் கேள்

ஆர்டர் கொடுத்தவர் பக்கத்துப் பெண்கள் பள்ளியின் பெரிய டீச்சர். தன்னுடைய வெளிநாட்டுப் பேனாவைத் திறந்து காட்டினார். தங்க நிறத்து நிப்பில் ஒரு கொடி சுற்றிப் படர்ந்திருந்தது.

"இந்த மாதிரி நிப்ல வேலைப்பாடு இருக்கணும். பரிசு வாங்கற பொண்ணுங்க அதைப் பாத்து அசந்துபோகணும். ஆனா எங்க ஃபண்ட் பேனாவுக்கு மூணு ரூபாய்க்கு மேல தாங்காது."

"கிடைக்கும் மிஸ்" என்று சார் சொல்லிவிட்டார். தேடுவது என் வேலை.

மொத்தக் கடைகளில் ஏறி இறங்கினேன். மூன்று ரூபாய்க்குள்ளேயே நல்ல பேனா கிடைத்தது. ஆனால் நிப்பில் கம்பெனி முத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு கடைக்காரர் சிரித்தே விட்டார். "மூணு ரூபாய்ல பூவா? போய் ஃபூல்வாலிகிட்ட கேளுங்க பெஹன்ஜி."

அன்று வீட்டுக்கு வந்து குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த பாலாடையைக் கழுவும்போதுதான் யோசனை வந்தது. தாராவியில் எவர்சில்வர் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டும் காசிம் அண்ணாச்சி, பாலாடையின் வெளிப்புறத்தில் மூக்குக்குக் கீழே குழந்தையின் பேரை வெட்டி, பக்கத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு பூவும் வெட்டிக் கொடுத்திருந்தார். அவ்வளவு சிறிய இடத்தில் வெட்டியவருக்கு நிப் முடியாதா? உடனே, முடியாவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் வந்தது. இருந்தாலும் முத்திரை இல்லாத நிப்புகளாக வாங்கிக்கொண்டு போனேன்.

3. கொசு றெக்கை

"தங்கச்சி, அண்டாவுல வெட்டுவேன், கொடத்துல வெட்டுவேன். இது கொசு றெக்கைல்லா!" என்றார் காசிம் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

"முடியாதா அண்ணாச்சி?"

"முடியாதுன்னு யாரு சொன்னா? நீ மொதல்ல வெளிச்சத்த மறைக்காம நில்லு."

ஒரு மரக்குச்சியின் முனையில் அரக்கை இளக்கி நிப்பை அதில் பதித்தார். இருப்பதிலேயே மெல்லிய உளியை எடுத்தார். சுத்தியலைத் தொடவில்லை. உள்ளங்கையால் உளியைத் தள்ளினார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது, யாரோ சண்டை போட்டார்கள். அவர் கை அசையவில்லை. தங்கப் பூச்சு கீறிய இடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு எழும்பியது. கோடு வளைந்தது, வளைவில் இலை வந்தது, இலைக்கு நரம்பு வந்தது. கடையிலிருந்து கொண்டுபோன லென்ஸில் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இடத்தில் ஐந்து இலையும் ஒரு மொட்டும்.

அங்கேதான் என் தவறும் நடந்தது. நிப்பின் நடுவில் மை இறங்கும் பிளவுக்குச் சற்று முன்னால் அவர் கொடியை நிறுத்தியிருந்தார். எனக்கு அது முறிந்த கொடிபோல் தெரிந்தது.

"பிளவத் தொட்டுக்கிட்டே வரட்டும் அண்ணாச்சி. அங்கிருந்து மொளைச்ச மாதிரி இருக்கும்."

"பேனாவப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லுததுதான்."

பதினான்கையும் அப்படியே நீட்டி வெட்டினார். கடைக்கு வந்து, எல்லாப் பேனா கடைகளிலும் செய்வதுபோல் நிப்பின் நுனியை மைப்புட்டியில் தொட்டு எழுதிப் பார்த்தேன். வழவழவென்று எழுதின. துடைத்து அடுக்கிவிட்டேன். சார்தான் ஒன்றில் மையை நிரப்பி, கடிதம் எழுதி, மூடிவைத்து, அரை மணி கழித்துத் திறந்தார்.

4. ஏறும் மை

"நாளைக்கு அந்தப் பொண்ணுங்க வெள்ளைத் தாவணியோட மேடை ஏறுவா. கையைப் பாரு, சாயப்பட்டறைல வேலை பாத்தவன் மாதிரி இருக்கு" என்றார் சார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நிப்பை பிளாட்டிங் பேப்பரில் ஒற்றி எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன். பிளவிலிருந்து ஒரு நீலப் புள்ளி எட்டிப் பார்த்தது. காசிம் அண்ணாச்சி வெட்டிய கோட்டுக்குள் நுழைந்தது. மெதுவாக மேலே ஏறியது. முதல் வளைவில் திரும்பி இலைக்குள் போய், நரம்பு நரம்பாக நிறைத்துவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் ஊதவில்லை. வேலை போகப்போகிறது என்பதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டு வரைக்கும் போன பிறகுதான் மை கோட்டைவிட்டு வெளியே பரவியது.

தப்பு வெட்டியவரிடம் இல்லை, நீட்டச் சொன்ன என்னிடம்தான். "நாந்தான் சார் பிளவைத் தொடச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டே, "அப்போ தொடாம வெட்டச் சொல்லு. ஜல்தி" என்றார்.

மறுநாள் காலை கடையிலிருந்த பதினான்கு வெறும் நிப்புகளையும் அந்த மை நிரப்பிய பேனாவையும் எடுத்துக்கொண்டு தாராவிக்கு ஓடினேன். மை ஏறுவதை லென்ஸில் பார்த்த காசிம் அண்ணாச்சி உளியைக் கீழே வைத்துவிட்டார். "ஏ யப்பா! நான் வெட்டுனது வெறும் வாய்க்கால்தான். தண்ணி பாயுதத இப்பத்தான பாக்கேன்."

இந்த முறை கொடி பிளவுக்கு ஒரு மயிரிழை முன்பே நின்றது. கடைக்குத் திரும்பி எல்லாவற்றிலும் மை நிரப்பிப் படுக்கவைத்துக் காத்திருந்தேன். பதின்மூன்று சுத்தமாக இருந்தன. ஒன்றில் மட்டும் உளி இம்மியளவு நழுவிப் பிளவைத் தொட்டிருந்தது. மை முதல் இலை வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளிக் கொடியில் ஒரே ஒரு நீல இலை. வேறு நிப் கடையில் இல்லை, நேரமும் இல்லை.

சாயங்காலம் பெரிய டீச்சர் வந்தார். பதினான்கையும் சேர்த்தே கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை.

"மிஸ், இந்த ஒண்ணுல குறை இருக்கு. மை மேல ஏறுது."

சார் என்னை முறைத்தார். டீச்சர் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"விரல்ல ஒட்டுமா?"

"ஒட்டாது மிஸ். ரெண்டு மணி நேரம் பாத்துட்டேன், இலையோட நின்னுடுது. ஆனா குறை குறைதானே."

"இதைத் தனியா கட்டிக் குடும்மா. முதல் பரிசுக்கு இதுதான்."

அவர் போன பிறகு சார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கடைச் சாவில இன்னொண்ணு செஞ்சு வைக்கணும். நாளைலேர்ந்து நீதான் திறக்கணும்."

இப்போது கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நுனியை மையில் தொட்டு எழுதிப் பார்த்தால் போதாது. நிரப்புங்கள், படுக்கவையுங்கள், ஒரு உலை சோறு வேகும் நேரம் பொறுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பேனாவைப் புகழுங்கள்.

அந்தப் பேனாக்கள் போன அன்று வீட்டுக்கு வந்து குழந்தைக்குப் பால் புகட்டினேன். பாலாடையின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு வெளியே வழிந்து, கீழே வெட்டியிருந்த பூவுக்குள் புகுந்து, இதழ் இதழாக வெள்ளைக் கோடு போட்டது. எத்தனையோ மாதமாக ஒவ்வொரு வேளையும் அந்தப் பாலைக் கவனிக்காமலே தேய்த்துக் கழுவியவள் நான்தான்.