தொழுகை நேரம் தெரிந்த கம்ப்ரசர்

காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பெண் வீட்டில் ஒரு புது அறை, அதற்கு ஒரு புதுக் கட்டில். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். ஆத்தூரில் கட்டில் செய்துதான் நான் பிழைக்கிறேன். செய்த கட்டிலுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கித் தருபவர் காயல்பட்டினம் ஹாமிது காக்கா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள்.

காக்கா இருபத்தாறு வருஷம் சவூதியின் தம்மாமில் ஓர் ஆலையில் கருவிகள் பழுதுபார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. கூட்டிப் பார்த்தால், அந்தக் காலத்தில் அவர் மனைவி வீட்டு மாப்பிள்ளையாக இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை. ஊரோடு வந்து இரண்டு வருஷம் ஆகியும் கைக்கடிகாரத்தில் சவூதி மணிதான். யாராவது மணி கேட்டால் பார்ப்பார், மனசுக்குள் இரண்டரை மணி நேரம் கூட்டுவார், சரியாகச் சொல்வார். அதை மாற்றி வைத்தால் என்ன என்று கேட்டேன். கூட்டத் தெரிந்தவன் எதற்கு மாற்ற வேண்டும் என்றார். இதற்கெல்லாம் பதில் பேசி நான் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதில்லை.

வீடு அவர் மனைவி குல்சும் லாத்தாவுடையது. அடுப்படிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை லாத்தா அவருக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அதில்தான் ஸ்ப்ரேக்குக் காற்று தரும் கம்ப்ரசர். பழைய சரக்கு. எங்கேயோ காற்று கசியும். தொட்டியில் காற்று குறைந்ததும் மோட்டார் தானாக எழுந்து லாரி மேடு ஏறுவது போல உறுமும். தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் காக்கா அவசர அவசரமாகப் பள்ளிக்கு ஓடுவார், சுவிட்சை அணைக்க மறப்பார். பக்கத்துத் தைக்காவில் பெண்கள் தொழுகைக்கு நிற்கும்போது இது ஆரம்பிக்கும். தைக்காவிலிருந்து இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது முறை ஆள் அனுப்பவில்லை, எல்லோருமே நேரில் வந்துவிட்டார்கள்.

லாத்தா அதிகம் பேசுகிறவர் இல்லை. மகள் பாஹிமாவுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகி, புது மாப்பிள்ளை அஃப்ஸல் வீட்டுக்கு வந்திருந்தார். வரும் திங்கட்கிழமை சம்பந்தி வீட்டுப் பெண்கள் விருந்துக்கு வருகிறார்கள். அன்றைக்கு இந்தச் சத்தம் ஒருமுறை கேட்டாலும் கொட்டகை காலி என்று லாத்தா சொல்லிவிட்டார்.

அதே வாரம் பழைய ஆலை மேனேஜர் போன் செய்து, இரண்டு வருஷ விசா தயார், வருகிறாயா என்று கேட்டிருந்தான். வேலை இல்லாமல் பெண்கள் நிறைந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கக் காக்காவால் முடியாது. கொட்டகை போனால் தம்மாம்தான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"இனிமே அங்கன போயி ஒத்தையில சோறு பொங்கித் திங்க என்னால ஆகாது சிவசு" என்றார்.

சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள், தீர்ந்தது என்றேன். மறக்கிறவனிடம் மறக்காதே என்று சொல்வது வைத்தியம் இல்லையாம். மறக்காத ஒன்றிடம் வேலையை ஒப்படைக்க வேண்டுமாம். பெருவிரல் அளவு ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது குட்டிக் கம்ப்யூட்டர், வாங்கி வந்து சின்னத் திரை வைத்த ஒரு பெட்டியில் பொருத்தினார். தொட்டியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்ல ஒரு சென்சார். மோட்டாரை எழுப்பவும் படுக்க வைக்கவும் ஒரு ரிலே. கடல் காற்றாயிற்றே, தொட்டிக்குள் தண்ணீர் சேரும். மோட்டார் நின்றதும் அதைப் பீய்ச்சி வெளியே தள்ள ஒரு வால்வு, அதிலிருந்து சுவர் தாண்டி ஒரு குழாய். தொழுகை நேரங்களில் மோட்டார் எழவே கூடாது என்று பள்ளிவாசல் அட்டவணையைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினார். தொட்டி வெடிக்காமல் காக்கும் சேஃப்டி வால்வை மட்டும் தொடவில்லை. அந்தப் புத்தி இருந்தது. ஆனால் தானாக ஓடுவதற்குக் கை எதற்கு என்று பழைய சுவிட்சைக் கழற்றி, வயரை நேராக இணைத்துவிட்டார். இனி மோட்டாரை நிறுத்த வேண்டுமானால் வீட்டு ஹாலில் இருக்கும் மெயினைத்தான் அணைக்க வேண்டும்.

என் முன்னால்தான் சோதித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷம் கழித்து அமைதி என்று ஏற்றினார். ஐந்தாவது நிமிஷம் மோட்டார் வாயை மூடியது. காற்றைத் திறந்து விட்டும் எழவில்லை. எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

திங்கட்கிழமை நான் ஒரு கட்டிலோடு போயிருந்தேன். பாங்கு சொன்னதும் காக்காவும் அஃப்ஸலும் பள்ளிக்குக் கிளம்பினார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் பின்பக்க முடுக்கு வழியாக வந்து, சுவரோரம் செருப்பை விட்டுவிட்டு, ஹாலில் தொழுகைக்கு நின்றுவிட்டார்கள். அந்த முடுக்கு பெண்கள் நடமாடும் சந்து. ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. கொட்டகையில் நானும் கம்ப்ரசரும் மட்டும்தான்.

அப்போது அது எழுந்தது.

நான் பெட்டியைத் தட்டினேன், கும்பிட்டேன், திட்டினேன். அணைக்க ஒரு பொத்தானும் இல்லை. மெயின் இருக்கிற ஹாலில் இருபது பெண்கள் தொழுதுகொண்டிருக்கிறார்கள். அங்கே எப்படி நுழைவது? ஒரு ஈரச் சாக்கை எடுத்து மோட்டார் மேல் போட்டேன். ஈரச் சாக்குக்குள்ளிருந்து உறுமியது. வேறு வழி தெரியாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம் கழித்துத் தொட்டி நிரம்பி மோட்டார் நின்றது. அப்பாடா என்றேன். உடனே வால்வு திறந்து, துருத் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாகச் சுவர் தாண்டிப் போய், வரிசையாக இருந்த செருப்புகள் மேல் பாய்ந்தது. அதன் பிறகும் இரண்டு முறை எழுந்தது. இரண்டு முறையும் செருப்புகளுக்கு அபிஷேகம்.

காக்கா திரும்பி வந்தபோது நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சம்பந்தி அம்மா தன் செருப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அஃப்ஸல் மாமனாரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். குல்சும் லாத்தா நேராகக் கொட்டகைக்கு வந்து, பெட்டியில் இருந்த சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இதுல என்ன பத்தே முக்கால்னு காட்டுது? இப்ப ஒன்னேகால் மணியாகுது."

காக்கா தன் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தே முக்கால்தானே? சரியாத்தான் இருக்கு" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஊர் எந்த ஊர் என்று பெட்டி கேட்ட இடத்தில், இருபத்தாறு வருஷப் பழக்கத்தில், கை தானாகச் சவூதியை ஏற்றியிருக்கிறது. சோதித்ததும் சவூதிக் கடிகாரத்தை வைத்துத்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதில் நம்பிவிட்டார். நம் ஊரில் லுஹர் என்ற மதியத் தொழுகை நடக்கும்போது பெட்டிக்குக் காலை பத்து மணி. பத்து மணிக்கு ஓடலாம் என்று அதற்குச் சொல்லியிருக்கிறார், அது ஓடியது. முதலில் சிரித்தது சம்பந்தி அம்மாதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கட்டிலுக்குப் பின்னால் நின்று.

லாத்தா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் சாப்பிட உள்ளே போன பிறகு, காக்கா குழாயடியில் உட்கார்ந்து இருபது ஜோடிச் செருப்பையும் ஒவ்வொன்றாகக் கழுவினார். கழுவி முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து மேனேஜர் நம்பரைத் தேடினார். கொட்டகைச் சாமான்களை ஆத்தூருக்கு எடுத்துக்கொண்டு போகிறாயா என்று என்னிடம் கேட்டார். நான் கொண்டுவந்த கட்டிலைத் துடைக்க ஆரம்பித்தேன்.

லாத்தா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பாஹிமா வாப்பா, மிஷினத்தான் வெளிய போகச் சொன்னேன். உங்கள யாரு போகச் சொன்னா?"

காக்கா போனைக் கீழே இறக்கினார். லாத்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷம் சத்தமே இல்லாம கெடந்த வீடு இது. நேரத்த மட்டும் சரியா வையுங்க. மத்த நேரம் அது கத்திட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காக்கா மேனேஜருக்குப் போன் போட்டார். பாதி அரபியிலும் பாதி இந்தியிலும் பேசியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவரே பிறகு சொன்னார். வரவில்லை, ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது என்றாராம். எந்தக் கம்பெனி என்று கேட்டானாம்.

"குல்சும் வீடுன்னு சொன்னேன்" என்றார்.