அம்மா இடுக்கிய கண்

போர்வை தைக்க எடுத்த துண்டுத் துணிகளை என் மகள் செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் பிடித்துக் காட்டினாள். "பாருப்பா, சேப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது. பக்கத்துல பக்கத்துல வெச்சா டிசைனே எடுக்காது." எனக்கு முகம் சுட்டது.

பிள்ளைப்பாக்கத்தில் நான் ஐந்தாவது படித்தபோது, எங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த தென்காசிக்கார முருகன் அண்ணன், பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒட்டுப்போர்வை தைக்கச் சொல்லி மனைவியின் பழைய புடவைகளைக் கொடுத்திருந்தார். அம்மா அவற்றை வெட்டித் தரையில் பரப்பி, கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே, "சேப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுதே" என்று துண்டுகளை மாற்றி மாற்றி வைத்தாள்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு அவுட்டுண்ணே" என்றேன், அவரைச் சிரிக்கவைக்க. சிரித்தார். மறுநாள், "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம், ஊர்லயே தச்சிக்கிடுதோம்" என்று எல்லாத் துண்டுகளையும் பையில் வாங்கிக்கொண்டார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லா வந்திருக்கும்டா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது நானும் கண்ணை இடுக்கி மகளின் துணிகளைப் பார்த்தேன். நிறம் மங்கி வெளிர்ப்பும் அடர்த்தியும் மட்டும் நிற்க, போனில் இருந்ததுபோலவே சிவப்பும் பச்சையும் கலந்துபோயின.

"இன்னாப்பா, கண்ணு தெரியலையா?" என்று மகள் சிரித்தாள்.

"இப்பதாம்மா தெரியுது" என்றேன்.