கரண்டு போனால் தூங்கும் டைமர்

வயரிங் வேலையை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். ஹவுஸ் ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவில் ஏணி போட்டு நிற்கக் கற்றுக்கொள்ளத்தான் வருஷங்கள் ஆகும். வாடகை வீட்டில் இருந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த எனக்கு, 2008-ல் கெய்சருக்கு டைமர் மாட்டப் போய்த்தான் புரிந்தது.

ஓட்டை போடக் கூடாது

சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடி வீடு. மாடியில் சுமதி டீச்சர் குடியிருந்தார். பிளஸ் டூ படிக்கும் மகள் காலை ஆறு மணி டியூஷனுக்குப் போக வேண்டும். பச்சைத் தண்ணீரில் குளித்தால் அவளுக்குச் சளி பிடித்துக்கொள்ளும். கீழே ஹவுஸ் ஓனர் நாகராஜன் சார், ரிட்டயர்டு சர்வேயர். ஒருநாள் டீச்சர் அவசரத்தில் கெய்சரை அணைக்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டார். பகல் முழுக்கக் கொதித்து, பைப் விட்டுப்போய், கீழ்வீட்டுச் சுவர் வரை தண்ணீர் இறங்கிவிட்டது. இன்னொரு தடவை கெய்சர் அப்படி ஓடினால் வீட்டைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று சார் கறாராகச் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு இருந்தது மூன்றே மாதம். டீச்சர் இதை என்னிடம் சொல்லி வழி கேட்டார். எனக்கும் பாவமாக இருந்தது.

பிளக்கில் சொருகுகிற டைமர் ஒன்று கொண்டுபோனேன். கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், சுற்றிலும் சின்னச் சின்னப் பல். காலை ஐந்திலிருந்து ஐந்தரை வரைக்குமான பல்லை அமுக்கிவிட்டால் அந்த அரைமணி மட்டும் கெய்சர் ஓடும், பிறகு தானாக அணைந்துவிடும். ஆணிகூட அடிக்கவில்லை. சார் மாடிக்கு வந்து, டார்ச் அடித்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்ட போடாம வேல பாத்த மொத எலக்ட்ரீசியன் நீதாம்பா."

சாயங்கால வெந்நீர்

முந்தின வாரம் மஞ்சக்குப்பத்திலேயே ஒரு ஆபீஸ் கிளார்க் வீட்டில் இதே டைமரை மாட்டியிருந்தேன். நான் சிதம்பரத்திலிருந்து திரும்பிய மறுநாள் அவர் கடை வாசலில் நின்றார். காலையில் வெந்நீர் வருவதே இல்லையாம். பல்லைத் தப்பாக அமுக்கியிருப்பீர்கள் என்று அவர் மேலேயே பழியைப் போட்டேன். நம் தொழிலில் இருக்கிறவர்களே, நீங்களும் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். மனிதர் கோபப்படவே இல்லை. "நான் ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துக்கு வெந்நீ ரெடியா இருக்கு தம்பி. இது நைட் ஷிஃப்ட் போறவங்களுக்குன்னு செஞ்சதா?"

பூட்டிய வீட்டில் சுற்றிய மீட்டர்

சிதம்பரத்தில் டைமர் மாட்டிய மூன்றாம் நாள் டீச்சரிடமிருந்து போன் வந்தது. வீடு பூட்டியிருக்க, காலை ஒன்பது மணிக்கு மாடி மீட்டர் வேகமாகச் சுற்றுவதை சார் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கே போன் செய்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். பஸ் பிடித்து ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. டைமரையும் என் வாட்ச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டைமர் சரியாக ஆறு மணி நேரம் பின்னால் இருந்தது. அப்போது தினம் இரண்டு மணி நேரம் பவர் கட். கரண்டு போனதும் டைமர் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மூன்று நாளில் ஆறு மணி நேரம்; அன்றைய கட்டுக்கு முன்னால் நாலு மணி நேரம், அதனால்தான் காலை ஐந்துக்கு ஓட வேண்டியது ஒன்பதுக்கு ஓடியிருக்கிறது. மஞ்சக்குப்பத்துக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்; வெட்கமாகப் போய்விட்டது. தப்பு டீச்சர் மேல் இல்லை, யோசிக்காமல் மாட்டிய என் மேல்தான் என்று சாரிடம் ஒப்புக்கொண்டேன். கரண்டு வந்ததும் யாராவது மணியைத் திருப்பி வைத்தால் போதும், ஆனால் பகலில்தான் மாடியில் ஆளே இல்லையே என்றேன். சார் டைமரைத் திருப்பி, தன் வாட்ச்சைப் பார்த்துச் சரியாக நிறுத்தினார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "ஒரு சாவிய எங்கிட்ட குடுங்க. கரண்டு வந்தா நான் மேல ஏறி திருப்பி வெக்கிறேன். புள்ள மொதல்ல பரீட்ச எழுதட்டும்."

பேட்டரி வைத்தது

மனசு உறுத்திக்கொண்டே இருந்ததால், கரண்டு போனாலும் நிற்காத பேட்டரி டைமர் ஒன்றை வாங்கிக்கொண்டு பத்து நாள் கழித்துப் போனேன். அன்று பள்ளிக்கூடம் லீவு, டீச்சர் வீட்டில் இருந்தார். அப்போதுதான் கரண்டு வந்திருந்தது. சார் வாட்ச்சும் கையுமாக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். ஒருநாள்கூட அவர் தவறவில்லை என்றார் டீச்சர். டைமருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் இருந்தது. சாருக்குக் காபி; தினமும் பள்ளிக்கூடம் போகும்போது டீச்சர் போட்டு வைத்துவிட்டுப் போவாராம். நான் பெட்டியைப் பிரித்து, இனிமேல் நீங்கள் படியேற வேண்டாம் சார் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார். "பேட்டரி போட்டா எனக்கு இங்க என்ன வேல? எடுத்துட்டுப் போப்பா."

அந்தப் பெண் அந்த வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினாள். இத்தனை வருஷத்தில் நான் காப்பாற்றிக் கொடுத்தது ஒரே ஒரு குடித்தனம், அதுவும் தப்பான சாமானை மாட்டித்தான்.