சித்திக்காக வாங்கிய ஹெட்போன்

எங்கள் வீட்டு நடுச்சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு கறுப்பு ஹெட்போன் தொங்குகிறது. காது முழுவதையும் மூடுகிற பெரிய வகை. துணி போர்த்திய மெத்தை இன்னும் அமுங்கவில்லை. வயரும் புதிதாகவே இருக்கிறது. வாங்கிய புதிதில் சில வாரம் மாட்டியதோடு சரி. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்து, நல்ல ஐட்டமாச்சே, ஏன் சும்மா தொங்குது என்று கேட்பார்கள். நான் பேச்சை டீக்குத் திருப்பிவிடுவேன். பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கும் ஜார்கண்ட் குடும்பம் பாட்டுப் போட்டால் எங்கள் அடுக்களைத் தட்டெல்லாம் ஆடும். “அந்தக் கருமத்தை எடுத்து மாட்டித்தான் தொலைங்களேன்” என்பாள் என் மனைவி. மாட்டமாட்டேன். பிடிவாதம் என்று அவள் நினைக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், இருந்தும் சொல்லிப் பார்ப்பாள்.

மலையாள நாட்டு மலையில், சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட். தொழிலாளர் வீடுகளை லயம் என்போம். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்குக் கீழே கையை நீட்டுகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் கடுகு தாளித்தால் இந்த வீட்டில் தும்முவோம். இங்கே புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் அதற்குத் தீர்ப்பு வந்துவிடும். ரகசியம் பேச வேண்டுமானால் தேயிலைக்குள்தான் போக வேண்டும்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி இருந்தாள். சொந்தச் சித்தி இல்லை. என் அம்மாவும் அவளும் ஒரே மலையில் கொழுந்து கிள்ளியவர்கள், அதனால் அவள் எனக்குச் சித்தி. சித்தப்பா வெகு நாளுக்கு முன்பே போய்விட்டார். அவளுக்கு ஒரே மகன். என்னைவிட இளையவன், எனக்குத் தம்பி. சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றி இறக்கும் ஜீப்பை ஓட்டினான். நான் தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் இருக்கிறேன். பகலெல்லாம் அவனுக்கு ஜீப் இரைச்சல், எனக்கு மிஷின் இரைச்சல். சாயங்காலம் வீடு திரும்பினால் அமைதியாகக் கிடக்க வேண்டியதுதானே? மாட்டோம். ஆளுக்கொரு போனை எடுத்து ஒரு துப்பாக்கி விளையாட்டில் உட்கார்ந்துவிடுவோம்.

இருவரும் ஒரே அணி. அவன் அவன் வீட்டுக் கட்டிலில், நான் என் வீட்டுத் தரையில். விளையாட்டிலேயே பேசிக்கொள்ள வசதி உண்டு, எங்களுக்கு அது தேவைப்படவில்லை. சுவருக்கு மேலே கத்துவோம். வலப்பக்க மாடியில் ஒருத்தன் பதுங்கியிருக்கிறான் என்று அவன் கத்துவான். இடப்பக்கமாகச் சுற்றி வா என்று நான் கத்துவேன். “வந்துட்டேண்ணே” என்று பதில் வரும். சாதாரணமாகப் பேசும்போது தம்பி மெதுவான ஆள். சுற்றுலாக்காரர்கள் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவன் தொண்டை வேறு. மழை பெய்து தகரம் அதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கத்துவோம், அவ்வளவுதான்.

நடுவில் உட்கார்ந்து அரிசி புடைக்கும் சித்தி எங்களை வைவாள். மலையே இடிஞ்சு வந்தாலும் இந்தச் சத்தத்துல கேக்காது, ரெண்டு பேரும் சேந்து என் காதைச் செவிடாக்கிட்டுத்தான் ஓய்வீங்க என்பாள். என் வீட்டு டிவியில் படம் ஓடினாலும் அதே வசவுதான். ஆனால் மறுநாள் குழாயடியில் என் மனைவியிடம், படத்துல அந்தப் பிள்ளை கடைசியில யாரைக் கட்டிக்கிடுச்சு என்று கேட்பாள். கடைசிக்கு முன்னால் கரண்டு போயிருக்கும், அல்லது அவள் தூங்கியிருப்பாள். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். சிரித்ததோடு விட்டுவிட்டோம். திட்டுகிறவளுக்குக் கதை எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வசவைப் பொறுக்காமல்தான் தம்பி ஹெட்போன் வாங்கலாம் என்றான். அம்மா காதுக்குக் கொஞ்சம் நிம்மதி வேண்டும் என்றான். ஆளுக்கு ஒன்று, விலையும் கைக்கு அடங்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க இதே ஆராய்ச்சி. சவாரி இல்லாத நேரமெல்லாம் ஜீப்புக்குள் உட்கார்ந்து, வாங்கினவர்கள் பேசிப் போட்ட வீடியோக்களைப் பார்ப்பான். வயர் இல்லாதது நமக்கு ஆகாது என்றான். குறைந்த விலையில் வாங்கினால் சத்தம் ஒரு நொடி பிந்தி வரும், துப்பாக்கி வெடித்து நாம் செத்த பிறகுதான் வெடிச்சத்தம் கேட்கும், அதனால் வயர் வைத்ததே வேண்டும். தும் தும் என்று அடித்தொண்டையில் மட்டும் முழங்குவதும் கூடாது, படத்தில் பேசுகிற பேச்சு அதில் மூழ்கிப்போகும். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறான் என்பது காதுக்குத் தெரிய வேண்டும். மெத்தை ரெக்சினில் இருந்தால் நம் குளிருக்குக் காலையில் காதில் ஐஸ் வைத்ததுபோல இருக்கும், துணிதான் சரி. நான் கண்ணாடி போட்டவன். கண்ணாடிக் காம்பை நெரிக்கிற இறுக்கம் எனக்கு ஒத்துவராது என்பதையும் அவன்தான் கண்டுபிடித்தான்.

“கடையில மாட்டிப் பாத்தா எல்லாமே சொகமாத்தாண்ணே இருக்கும். ஒரு முழுப் படம் பாத்து முடிச்சப்பறம் காது என்ன சொல்லுதுன்னு பாக்கணும்” என்பான். ஒரு தடவை அடிமாலிக் கடைக்கு இருவரும் போய், இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டி, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தோம். இரண்டாக எடுத்தால் குறைத்துத் தருவதாக அவர் சொன்னார். சீசன் வரட்டும், கையில் காசு புழங்கும், சேர்ந்தே எடுக்கலாம் என்றான் தம்பி.

சீசனுக்கு முன்னால் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காலில் ஒரு வெட்டுக்காயத்தோடு ஓடைத் தண்ணீரில் நின்று ஜீப் கழுவியிருக்கிறான். எலிப்பனி என்றார்கள். எலியின் கழிவு கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். சாதாரணக் காய்ச்சல் என்று அவன் மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. பிறகு அவன் வீட்டுக்கு நடந்து வரவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அந்த வரிசையில் எந்த வீட்டிலும் டிவியோ பாட்டோ கேட்காது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, சின்னப் பிள்ளைகள்கூட அடங்கிப்போகும். காரியம் முடிந்ததும் இழவு வீட்டுப் பெரியவர் வாசலில் வந்து, இனி நீங்க போட்டுக்கிடுங்க என்று வரிசைக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். சித்தியும் வந்து நின்று சொன்னாள். “போட்டுக்கிடுங்கய்யா, எல்லாரும் போட்டுக்கிடுங்க” என்றாள். சம்பிரதாயத்துக்குச் சொல்கிறாள் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். மகனைப் பறிகொடுத்தவள் காதில் விழும்படி எவன் பாட்டுப் போடுவான்? மற்ற வீடுகளில் சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். அவள் சுவரிலேயே ஒட்டியிருப்பவன் நான். எனக்கு அதுவும் போதாது என்று பட்டது. அடிமாலிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரருக்கு என் முகம் நினைவிருந்தது. கூட வந்த டிரைவர் வரவில்லையா, ஒன்று போதுமா என்று மலையாளத்தில் கேட்டார். போதும் என்றேன். கலர் லைட் எரிகிற ஒன்றைக் காட்டி, பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். எனக்குள் தம்பி பேசிக்கொண்டே இருந்தான். வயரைப் பார், துணியைப் பார், கண்ணாடியோடு மாட்டிப் பார். குனிந்து பார்த்தேன், நழுவவில்லை. ஒரு படத்தின் பேச்சைப் போட்டுக் கேட்டேன், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுந்தது. அவன் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது, விலையும் நாங்கள் நினைத்ததற்குள் இருந்தது. அவனே வந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பான். திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் மாட்டிக்கொண்டதும் காதில் மழைச் சத்தம் நின்றுபோனது. தகரமும் இல்லை, லயமும் இல்லை. பேக்டரி இரைச்சலில் ஊறிப்போன காதுக்கு அந்த அமைதி எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முழுப் படம் பார்த்தேன், காது வலிக்கவில்லை. விளையாட்டில் எதிரியின் காலடி இடது காதுக்குப் பின்னால் கேட்டது. வாய் திறக்காமல் ஆடப் பழகினேன். சித்திக்கு நல்லது செய்கிறோம் என்று மனதுக்குள் பெருமை வேறு. நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிற ஆட்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது, என்னையும் சேர்த்துத்தான்.

ஒரு சாயங்காலம் யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் சித்தி. கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரமாகவே பின்னால் நின்று, சத்தமில்லாமல் என் விரல்கள் போனில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவசரமாக ஹெட்போனைக் கழற்றினேன்.

“வெளையாட்டையே நிறுத்திட்டியோன்னு நெனச்சேன்யா” என்றாள்.

இல்லை சித்தி, உங்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்றுதான் இதை வாங்கினேன் என்றேன். தம்பியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான் என்றேன். அவள் ஹெட்போனைக் கையில் வாங்கி, மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு என் மடியில் வைத்தாள்.

“அவன் அந்தப் பக்கம் கத்துவான், நீ இந்தப் பக்கம் கத்துவ. இப்ப அவன் சத்தம் இல்ல. ஒன் சத்தமாச்சும் கேட்டா, அவன் பதில் சொல்லாம வெளையாடுதான்னு நெனச்சுக்கிட்டு சோறு பொங்குவேன். அதையும் அடைச்சு வச்சிட்டியேய்யா.”

திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த ஹெட்போனைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன்.

மறுநாளிலிருந்து பழையபடி ஸ்பீக்கரில் வைத்து ஆடினேன். பதில் வராத சுவரைப் பார்த்துக் கத்துவது இருக்கிறதே, அது லேசில்லை. முதல் நாள், மேலே மாடியில் ஆள் இருக்கான்டா என்று கத்திவிட்டு நானே ஒரு கணம் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் அரிசி களையும் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் அது கேட்டது. நான் ஹெட்போன் மாட்டியிருந்த நாட்களில் அந்த நேரத்தில் அவள் அடுப்பே மூட்டவில்லை என்று என் மனைவி பிறகு சொன்னாள். வேலை விட்டு வந்ததும் அரை மணி நேரம் நான் கத்துவேன், அவள் சமைப்பாள். இழவு கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள், அவன் வண்டி ஓட்டப் போன மாதிரித்தான் இருக்கு என்றே சொல்வாள். வேறு வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை.

எஸ்டேட்டில் வேலை இருக்கும் வரைதான் வீடு. சித்திக்கு ரிட்டையர் ஆகும் வயது வந்துவிட்டது. வீட்டில் இன்னொருவர் கம்பெனி வேலையில் இருந்தால் வீடு தங்கும். ஜீப்பை விட்டுவிட்டு நானே பேரு பதிஞ்சுக்கிடுதேன்மா என்று தம்பி சொல்லியிருந்தான். அவன் போனதோடு அதுவும் போயிற்று. சங்கரன்கோவில் பக்கம் அவளுடைய தம்பி வீடு இருக்கிறது, அங்கே போவதென்று முடிவானது. அவள் பிறந்தது இந்த மலையில், அந்த ஊருக்குக் கல்யாணம் காட்சிக்குத்தான் போயிருக்கிறாள். எங்களோடு இருந்துவிடுங்கள் என்று நானும் மனைவியும் கேட்டோம். சுவத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்த வீட்டுச் சத்தத்த நான் எப்படிய்யா கேட்டுக்கிட்டு இருக்குறது என்றாள்.

கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம். சாமான் எல்லாம் சாக்கில் கட்டியாயிற்று. எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அங்க இருக்கேன் என்று போய்விட்டாள். அந்த வெறும் வீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தே நான் போனை எடுத்தேன். அன்றைக்கு நன்றாகவே சத்தம் வைத்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் எதிரி வந்தான்.

“தம்பி, பாலத்துக்கிட்ட ஆளு வாரான், எடப்பக்கமா சுத்தி வாடா” என்று கத்தினேன்.

சுவருக்கு மேலே, தகர இடைவெளி வழியாக, சித்தியின் குரல் வந்தது. சத்தமாக இல்லை.

“அவன் இல்லய்யா.”

என் விரல்கள் நின்றுவிட்டன. போனில் என்னைச் சுட்டுவிட்டார்கள்.

“நீயே பாத்து ஆடு” என்றாள். பிறகு அந்தப் பக்கத்தில் அவள் அழும் சத்தம் கேட்டது. அவன் போன பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

இப்போது எப்போதாவது போன் செய்கிறாள். சங்கரன்கோவிலில் அவள் தம்பி வீட்டில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்களாம். “காங்கிரீட்டு வீடுய்யா. பக்கத்துல ஆளு இருக்கா இல்லையான்னே தெரியாது” என்று குறை சொல்வாள். பேச்சு முடிகிற நேரத்தில், எங்க வீட்ல யாரு இருக்கா, சத்தம் எதும் கேக்குதா என்பாள். நான் எழுந்து நடுச்சுவர் பக்கம் போய், போனைத் தகர இடைவெளிக்கு உயர்த்திப் பிடிப்பேன். அந்தப் பக்கம் ஜார்கண்ட் குடும்பத்தின் பாட்டு எனக்குப் புரியாத பாஷையில் ஓடும், ஒரு குழந்தை சிணுங்கும், யாரோ அதை அதட்டுவார்கள். கை வலிக்கும் வரைக்கும் பிடித்திருப்பேன். அவள் போதும் என்று சொல்லமாட்டாள். என் முழங்கைக்குக் கீழே, ஆணியில், அந்த ஹெட்போன் தொங்கிக்கொண்டிருக்கும்.