ஸ்டெல்லாவின் பெட்டிக்குத் தண்ணீர் விட்ட கதை

1. கிண்டல் என்று நினைத்தேன்

கோவளம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐஸ் பிளான்ட் கம்ப்ரசர் முதல் கல்யாண மண்டபத்து ஏசி வரை எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "பாய், உங்க சர்வீஸ்ல பெரிய வேலை எது?" என்று கேட்பார்கள். நான் ஒரு மேஜைக் கம்ப்யூட்டரைச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா எங்கள் ஊர் மீனவர் வீட்டு மருமகள். பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கம்பெனி ஒன்றின் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். புருஷன் அந்தோணி கடலுக்குப் போகிறவன். ஒரு பகலில் கடைக்கு வந்து நின்றாள்.

"பாய், கம்ப்யூட்டருக்குத் தண்ணி விடணும். உங்களால முடியுமா?"

அன்று இரண்டு கஸ்டமர் ஏற்கெனவே என் உயிரை வாங்கியிருந்தார்கள். எனக்கு முன்கோபம் வேறு.

"இன்னாம்மா, காலைல இருந்து யாரும் கிண்டல் பண்ணலையேன்னு பாத்தேன். நீ வந்துட்டியா? கரண்டு பொருளுக்குத் தண்ணி விட்டா எரிஞ்சி பூடும்மா!"

"வெளிய வராது பாய். பைப்புக்குள்ளயே சுத்திகினு இருக்கும். உங்க ஏசில கேஸ் சுத்துற மாதிரி."

அவள் என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

2. நகத்தளவு சில்லு

எங்கள் ஊரில் சாயங்காலம் வலை போடப் போகும் போட்டுகள், பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னதும் கிளம்பும். விடிந்துதான் கரைக்கு வரும். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் செங்கல்பட்டுப் பக்கம் மேகம் திரண்டு, சூறைக்காற்றாகக் கிழக்கே வந்து கடலில் இறங்குவது உண்டு. போட்டு கிளம்பும் நேரத்தில் கரையிலிருந்து பார்த்தால் வானம் சுத்தமாக இருக்கும். நடுக்கடலில் மாட்டினால் அவ்வளவுதான்.

ஸ்டெல்லா அந்தக் காற்றைத் தன் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். காலையில் இன்டர்நெட்டில் வரும் வானிலை விவரங்களை எடுத்து உள்ளே கொடுத்தால், சாயங்காலம் நம் கரையில் காற்று எப்படி இருக்கும் என்று அது சொல்லும். போட்டு கிளம்புவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் போட்டுவிடுவாள். "அரசாங்க எச்சரிக்கை வந்தா அதான் கடைசி வார்த்தை" என்று ஒவ்வொரு வாய்ஸிலும் சேர்த்தே சொல்வாள்.

சிக்கல் நேரத்தில்தான் இருந்தது. கம்பெனி வைத்த வேகத்தில் ஓடவிட்டால் கணக்கு முடிவதற்குள் போட்டுகள் போய்விடும். அதனால் பிராசஸரை அதன் அளவுக்கு மேல் முடுக்கி ஓட்டினாள். ஓவர்கிளாக் என்று அதற்குப் பேர். முடுக்கினால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிராசஸர் பயந்துபோய்த் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் வாங்கி மாட்டிய வாட்டர் கூலரின் ரேடியேட்டரை உப்புக்காற்று தின்றுவிட்டது. தொட்டால் தகடு பொடிப் பொடியாக உதிர்ந்தது. கடலோரத்து ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியாதா? அதே சாவுதான்.

"எங்கம்மா அந்தப் பிராசஸர்?" என்றேன். பெட்டியைத் திறந்து காட்டினாள். மேலே ஒரு வெள்ளி மூடி. "இதுக்கு அடியில கட்ட விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கு பாய். மொத்த வேலையும் அதுதான் செய்யுது."

எவ்வளவு சூடு என்று கேட்டேன். வாட்ஸ் கணக்கில் சொன்னாள். என் சால்டரிங் அயர்ன் நாலை ஒன்றாகக் கட்டினால் வரும் சூடு! அது ஒரு நகத்துக்குள்! எனக்குத் தலை கிறுகிறுத்தது. அப்புறம் ஸ்கிரீனைக் காட்டினாள். நம்ம ஊர் மேப் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து கிடந்தது. கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், மேற்கே செங்கல்பட்டு ஏரி வரைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று எவ்வளவு, ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு. ஒரு கட்டத்தில் காற்று அசைந்தால் பக்கத்துக் கட்டமும் மாறும்.

"இத்தனையும் அந்த நகமா பண்ணுது?"

"ஆமா பாய்."

சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. எத்தனையோ மெஷின் பார்த்தவன் நான். அதற்கு முன்னால் ஒரு மெஷினைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

கடலோரத்து ஏசிக்கென்றே வரும், உப்புக்காற்று தின்னாத காப்பர் ஃபின் காயில் ஒன்று என்னிடம் இருந்தது. ரேடியேட்டருக்குப் பதிலாக அதை வீட்டுக்கு வெளியே தகர நிழலில் இரண்டு கொக்கி அடித்து மாட்டி, ஃபேன் வைத்தேன். சுவரில் ஓட்டை போட்டு இரண்டு டியூப்பை உள்ளே இழுத்தேன். பிராசஸர் மேல் உட்காரும் காப்பர் பிளாக்கும் சின்ன பம்பும் அவள் வாங்கி வைத்திருந்தாள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டி, மூட்டு மூட்டாக டிஷ்யூ பேப்பர் சுற்றிப் பார்த்தேன். ஒரு பேப்பரும் நனையவில்லை.

மறுநாள் கணக்கை ஓட்டினாள். காயிலுக்குப் போகும் டியூப்பைப் பிடித்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பி வரும் டியூப்பில் அந்த வெதுவெதுப்பு இல்லை. உள்ளே ஒரு நகம் கடலையும் காற்றையும் கணக்குப் போட்டுத் தவிக்கிறது, அதன் தவிப்பைத் தண்ணீர் எடுத்து வந்து என் உள்ளங்கையில் கொடுக்கிறது. கையை எடுக்கவே மனம் வரவில்லை.

அன்று அஸர் பாங்குக்கு முன்னாலேயே வாய்ஸ் வந்துவிட்டது. அந்தோணி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், உடம்பெல்லாம் மீன் வாடை.

3. அந்தோணியின் ஐஸ்

கத்திரி வெயில் வந்தது. வெளியே கொதித்தால் காயிலுக்குள் ஓடும் தண்ணீரும் சூடாகத்தான் திரும்பும். சில்லு முனகியது. கணக்கு முடியத் தாமதமானது. ஸ்டெல்லா கவலைப்பட்டதை அந்தோணி பார்த்திருக்கிறான். பொண்டாட்டி மேல் கொள்ளைப் பிரியம் அவனுக்கு.

ஒரு மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். போட்டுக்கு என்று ஐஸ் பிளான்டில் வாங்கி வந்த ஐஸ் கையில் இருந்தது. காயிலைக் கொக்கியிலிருந்து கழற்றி, தெர்மாகோல் மீன் பெட்டிக்குள் படுக்க வைத்து, மேலே கீழே எல்லாம் உடைத்த ஐஸைக் கொட்டி மூடிவிட்டான். வஞ்சிரத்துக்கு ஐஸ் அடிக்கிற கை, வேறு எப்படிக் குளிர வைக்கும்?

முதலில் ஜோராகத்தான் ஓடியிருக்கிறது. ஆனால் நம்ம ஊர்க் காற்றில் ஈரம் சொட்டும். ஐஸ் தண்ணீர் ஓடுகிற டியூப் முழுக்க, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சோடா பாட்டில் மாதிரி வேர்த்துவிட்டது. காப்பர் பிளாக்கும் வேர்த்தது. அது வழிந்து போர்டில் இறங்கியது. கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிட்டது.

ஸ்டெல்லா போன் பண்ணியபோது நான் தட்டில் சோற்றைப் போட்டிருந்தேன்.

"பாய், உடனே வாங்க. ஐஸ் வெச்சு போர்டு நனைஞ்சிபோச்சு. பாதிக் கணக்குலயே மேக்க ஏதோ திரண்டுகினு வர்றது தெரிஞ்சுது. அது நம்ம கரைக்கு வருமா, எப்ப வரும்னு தெரியறதுக்குள்ள நின்னுபோச்சு."

அன்று கானாங்கத்தை மீன் நல்ல ஓட்டம். கரையில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் கிளம்பத் தயாராக நின்றார்கள். என் சம்சாரம், "சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்று கத்தினாள். நான் அதற்குள் நைட்ரஜன் சிலிண்டரை வண்டியில் ஏற்றியிருந்தேன்.

போனதும் அந்தோணியைத்தான் பிடித்தேன். "அறிவு கீதாடா உனக்கு? கம்ப்யூட்டர் இன்னா வஞ்சிரமா, ஐஸ் அடிச்சு வெக்க?"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "சூடு தாங்காம அது கஷ்டப்படுதுன்னு இவதான் சொல்லிகினே இருந்தா பாய்" என்றான்.

கரண்டை எடுத்தோம். பிளாக்கைக் கழற்றினோம். ஸ்டெல்லா பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஏசி பைப்புக்குள் ஈரம் இருந்தால் நாங்கள் நைட்ரஜன் அடித்துத்தான் விரட்டுவோம், அதில் துளி ஈரம் கிடையாது. ரெகுலேட்டரில் அழுத்தத்தை மிகவும் இறக்கி வைத்து, போர்டின் மூலை முடுக்கெல்லாம் மெல்ல ஊதினேன். இவ்வளவு பெரிய சிலிண்டரை வைத்துக்கொண்டு குழந்தை கண்ணில் விழுந்த தூசியை ஊதுவது போல ஊதியது அன்று ஒருநாள்தான்.

வாசலில் தேசிங்கு வந்து நின்றார். எல்லாப் போட்டுக்காரர்களுக்கும் மூத்தவர்.

"இன்னா பாய், பொண்ணு இன்னும் வாய்ஸ் போடல? வலைய ஏத்திகினு நிக்கிறானுங்க. வானம் கண்ணாடி மாரி கீது."

"கொஞ்சம் இருங்கண்ணாத்த."

"பாங்கு வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என் பேச்ச எவனும் கேக்க மாட்டான்."

4. வேர்க்கல பாய்

பட்டனை அழுத்தும்போது ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன். விளக்கு எரிந்தது. பாதிக் கணக்கு சேமிப்பில் பத்திரமாக இருந்தது.

"மீதிய வழக்கமான வேகத்துல ஓட்டினா பாங்குக்குள்ள முடியாது பாய். இதுவரைக்கும் ஏத்தாத அளவுக்கு ஏத்தணும். உங்க தண்ணி தாங்குமா?"

"ஏத்தும்மா. தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஐஸைக் கொட்டிவிட்டு, அதே மீன் பெட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, காயிலை அதில் முக்கினேன். கிணற்றுத் தண்ணீர் வெயில் காற்றைவிடக் குளிர்ச்சி, ஆனால் டியூப் வேர்க்கும் அளவுக்குக் குளிர்ச்சி கிடையாது. அந்தோணியைக் கூப்பிட்டு டியூப்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "லேசா ஈரம் தட்டினாலும் கத்து" என்றேன். நான் கிணற்றுக்கும் பெட்டிக்குமாக வாளியோடு ஓடினேன். பழைய தண்ணீரைச் சாய்ப்பதும் புதிதை ஊற்றுவதுமாக இந்த வயசில் ஓடிய ஓட்டம் இருக்கிறதே!

"இன்னாடா, வேர்க்குதா?"

"வேர்க்கல பாய்."

"இப்ப?"

"வேர்க்கல பாய். எனக்குத்தான் வேர்க்குது."

ஸ்கிரீனில் சூடு மேலே மேலே போய், இதோ வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் போகிறது என்கிற எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அங்கேயே நின்றது. ஒரு நகம். அதன் மேல் ஓடும் ஒரு டம்ளர் தண்ணீர். வெளியே ஒரு ஊர். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பள்ளிவாசல் மைக் கரகரத்தது. பாங்கு தொடங்கும்போதே ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டாள். ஸ்கிரீனில் செங்கல்பட்டிலிருந்து ஒரு சிவப்புப் பட்டை வளைந்து வந்து, திருவிடந்தைக்கும் கோவளத்துக்கும் நேராகக் கடலில் இறங்கியது. இருட்டுவதற்கு முன்னால் வரும் என்று காட்டியது.

வாய்ஸில் அவள் குரல் நடுங்கவில்லை. "யாரும் போகாதீங்க. மேக்க இருந்து சூறை வருது. இருட்டறதுக்குள்ள நம்ம கரையில இருக்கும்."

5. கரை

நாங்களும் கரைக்குப் போனோம். வானத்தில் ஒரு பஞ்சு மேகம் கூட இல்லை. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. ஆளாளுக்கு முனகினார்கள். "ஓட்டம் நல்லா கீற அன்னிக்குப் பாத்து இந்தப் பேஜாரா?" என்றான் ஒருவன். கம்ப்யூட்டர் நனைந்த விஷயம் அதற்குள் பரவியிருந்தது. "நனைஞ்ச பொட்டி சொன்னத நம்பி நிக்கிறோமா?" என்றான் இன்னொருவன். இன்று பொய்த்துவிட்டால், இனி ஒரு நாளும் இவள் பேச்சைக் கேட்டு யாரும் நிற்கப் போவதில்லை. நிஜமாகவே காற்று வரும் நாளிலும் நிற்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். அந்தோணிக்குப் பக்கத்தில் நின்று மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்தது. ஒன்றும் வரவில்லை. தேசிங்கு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

முதலில் காற்று நின்றது. கடல்காற்று அப்படியே செத்துப்போனது. அப்புறம் முதுகுப் பக்கம் சில்லென்று ஒரு வீச்சு, கூடவே ஈர மண் வாசனை. திரும்பினேன். மேற்கே தென்னைமரங்களுக்கு மேல் வானம் கருநீலமாக எழுந்து நின்றது. ஸ்கிரீனில் பார்த்த அதே வளைவு! யா அல்லாஹ், அதே வளைவு! நகத்தளவு சில்லு முன்கூட்டியே எனக்குக் காட்டியதை, இப்போது வானம் அளவுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து எனக்கு அழுகை முட்டியது.

"கட்டுங்கடா! போட்ட கட்டுங்கடா!" என்று தேசிங்கு கத்தினார். கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் சூறை அடித்தது. மணல் முகத்தை அறைந்தது. ஆள் நிற்க முடியவில்லை. கட்டாமல் விட்ட ஒரு ஃபைபர் போட்டைத் தூக்கிப் புரட்டிப் போட்டது. கடல் வெள்ளையாகக் கொதித்தது. அதில் ஒரு போட்டும் இல்லை. ஒரு ஆளும் இல்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். நம் வேலை ஜில்லென்று ஆக்குவது இல்லை. ஒரு இடத்துச் சூட்டை எடுத்து இன்னொரு இடத்தில் கொண்டுபோய் விடுவது, எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். அதிகமாகக் குளிர வைத்தவன் மெஷினைக் கெடுப்பான். இத்தனை வருஷம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை, அன்று வாளி தூக்கித்தான் புரிந்துகொண்டேன்.

மழை விட்டதும் தேசிங்கு சொட்டச் சொட்ட நனைந்தபடி ஸ்டெல்லா வீட்டு வாசலுக்கு வந்தார். முனகியவர்கள் எல்லோரும் அவர் பின்னால் நின்றார்கள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"நாளிக்கு எப்பம்மா சொல்லுவ? எம்மா நேரம் ஆனாலும் நிக்கிறோம்."