மயில் கோலத்தின் மேல் சிறப்பு விருந்தினர்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கலை விழா. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரான என்னைக் கோலப் போட்டிக்கு நடுவராக அழைத்திருந்தார்கள்.

முதல் சுற்றில் பார்ப்பது, இரண்டாம் சுற்றில் மதிப்பெண் போடுவது என் வழக்கம். செட்டியார்பட்டி மாணவி ஒருத்தி போட்ட மயில் கோலம்தான் சிறந்தது என்று முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது.

அதற்குள் சிறப்பு விருந்தினர் பட்டாளத்தோடு வந்தார். எல்லோரும் அந்த மயிலின் மேலேயே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"ஏலே, நிக்க வேற எடமே கெடைக்கலையா?" என்று அந்தப் பெண் விழாச் செயலாளரான மாணவனிடம் கத்தினாள்.

அவன் என்னிடம் வந்தான். "கோலந்தான் அழிஞ்சுபோச்சே சார், சைபர் போட்டுருங்க. கெஸ்ட்டப் போயி கேக்கவா முடியும்?"

கேட்க எனக்கும் தைரியம் இல்லை. முதல் சுற்றிலேயே மதிப்பெண் போட்டிருக்க வேண்டுமோ என்று குழம்பினேன். கடைசியில், கண்ணால் கண்டதற்குத்தானே மதிப்பெண் என்று அவளுக்கே முதல் பரிசு எழுதிக் கொடுத்தேன்.

பரிசைக் கொடுத்த விருந்தினர் சிரித்தபடி, "ஒன் கோலம் எதும்மா? நான் பாக்கலியே" என்றார்.

"ஒங்க ஷூவுல ஒட்டியிருக்கு சார்."

மைக் வேலை செய்துகொண்டிருந்தது.

செயலாளர் மாணவன் என்னை முறைத்தான். அடுத்த வருடம் என்னை அழைக்க மாட்டார்கள். கீழே பார்த்து நடப்பது பெரிய மனிதர்களுக்கு அத்தனை கேவலமா? நீங்களே சொல்லுங்கள்.